அடையும் எச்சமும்: ஆங்கில வினைசார் கூறுகளும் கொல்லி வேட்டைப் பாடலின் வினையெச்சங்களும்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத் தொடரியலில் 'அட்வெர்ப்', 'அட்வெர்பியல்', 'அட்ஜங்ட்' என வேறுபடுத்தி வழங்கப்படும் மூன்று கருத்தாக்கங்கள் தமிழில் பெரும்பாலும் 'வினையடை' என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. இதனால் சொல்வகை, தொடரில் ஏற்கும் பணி, விடத்தக்க தன்மை ஆகிய மூன்றும் ஒன்றாக மயங்குகின்றன. வினையெச்சங்கள் அனைத்தையும் வினையடையாகக் கொள்ளும் வழக்கம் இம்மயக்கத்தின் விளைவாகும். கொல்லிமலைத் தலைவனான வல்வில் ஓரியின் வேட்டையைப் பாடும் புறநானூற்று 152ஆம் பாடலின் வினை வடிவங்களைச் சான்றாகக் கொண்டு, வடிவத்தால் எஞ்சி நிற்பது பொருளால் அடையாக நிற்பதாகாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வினையடை, வினையெச்சம், வினைசார் கூறு, தொழில் முதனிலை, கொல்லிமலை, வல்வில் ஓரி, மொழிபெயர்ப்பு.

முன்னுரை

கிழக்குத் தொடர்ச்சி மலையில், இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ளது கொல்லிமலை. சங்கப் பாடல்களில் இம்மலை கொல்லிப்பாவையின் இடமாகவும் வல்வில் ஓரியின் நாடாகவும் இடம்பெறுகிறது. ஓரியைக் கொன்று அவன் மலையைக் காரி சேரனுக்கு அளித்த செய்தியை அகநானூற்று 209ஆம் பாடல் தருகிறது. வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாடலோ ஓரியை வேட்டுவனாகக் காட்டுகிறது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்னும் ஐந்தனுள்ளும் ஒரே அம்பு ஊடுருவிச் சென்ற நிகழ்ச்சி அப்பாடலின் தொடக்கம்.

இந்நிகழ்ச்சி வில்லாற்றலுக்குச் சான்றாகப் பலமுறை எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. அதன் தொடரமைப்பும் அதே அளவு கருதத்தக்கது. ஐந்து விலங்குகளின் வீழ்ச்சியைக் கூறும் அப்பகுதியில் ஒரு வினைமுற்றும் இல்லை. வினைகள் யாவும் எச்சங்களாகவே நிற்கின்றன. எச்சங்களை அடையாகக் கொள்ளும் இலக்கணப் பார்வை சரியானதாயின், பாடலின் தலைமை நிகழ்ச்சி முழுவதும் விடத்தக்க அடைகளின் தொகுதி என்றாகிவிடும். படிப்பவர் எவரும் அவ்வாறு உணர்வதில்லை. உணர்வுக்கும் இலக்கண விளக்கத்துக்கும் இடையிலான இம்முரணே இவ்வாய்வின் சிக்கலாகும்.

ஆங்கில இலக்கணத்தில் கலைச்சொல்லின் நிலை

'அட்ஜங்ட்' என்னும் சொல் ஆங்கில இலக்கண மரபிலேயே ஒரே பொருளில் வழங்கவில்லை. ஆட்டோ யெஸ்பர்சன் 1924இல் வெளியிட்ட 'தி ஃபிலாசஃபி ஆஃப் கிராமர்' நூலில் சொற்களை முதல்தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என வகுத்தார். பெயரைச் சிறப்பிக்கும் இரண்டாம் தரச் சொல்லே அவருக்கு 'அட்ஜங்ட்'. அதனைச் சிறப்பிக்கும் மூன்றாம் தரச் சொல்லை 'சப்ஜங்ட்' என்றார். அவ்வழக்கின்படி 'வல்வில் ஓரி' என்பதிலுள்ள 'வல்வில்' அட்ஜங்ட் ஆகும். தமிழ் மரபில் 'அடை' என்னும் சொல்லும் முதன்மையாகப் பெயரைச் சார்ந்தே வழங்கி வந்துள்ளமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இனஞ்சுட்டும் அடை, இனஞ்சுட்டா அடை என்னும் பாகுபாடு பெயரடை பற்றியதே.

குவர்க், கிரீன்பாம், லீச், சுவார்ட்விக் ஆகியோர் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணத்தில் இச்சொல்லின் பொருள் முற்றிலும் மாறியது. அவர்கள் வாக்கிய உறுப்பாக அமையும் வினைசார் கூறு அனைத்தையும் 'அட்வெர்பியல்' என்றனர். அதனை அட்ஜங்ட், சப்ஜங்ட், டிஸ்ஜங்ட், கன்ஜங்ட் என நான்காகப் பகுத்தனர். இடம், காலம், முறை, காரணம் முதலியவற்றை உணர்த்தி வாக்கியத்தின் உள்ளுறுப்பாக நிற்பது அட்ஜங்ட். கூற்றைப் பற்றிய பேசுவோன் கருத்தை உணர்த்துவது டிஸ்ஜங்ட். வாக்கியங்களை இணைப்பது கன்ஜங்ட். மிகுவித்தல், குறைத்தல் போன்ற துணைப்பணி புரிவது சப்ஜங்ட். யெஸ்பர்சனின் சப்ஜங்டும் இவர்களின் சப்ஜங்டும் ஒன்றல்ல. ஹடில்ஸ்டன், புல்லம் ஆகியோரின் 2002ஆம் ஆண்டு இலக்கணம் மீண்டும் வேறொரு கோட்டை வரைகிறது. அதில் வினையின் தன்மையால் வேண்டப்படுவது 'காம்ப்ளிமெண்ட்', அவ்வாறு வேண்டப்படாதது அட்ஜங்ட்.

இவ்வரலாறு இரண்டு உண்மைகளைத் தெளிவாக்குகிறது. முதலாவது, 'அட்வெர்ப்' சொல்வகையின் பெயர். 'அட்வெர்பியல்' பணியின் பெயர். இரண்டாவது, பணியால் வினைசார் கூறாக இருப்பது விடத்தக்கதாகவும் இருக்கவேண்டும் என்பதில்லை. 'ஓரி கொல்லியில் வேட்டையாடினான்' என்பதில் 'கொல்லியில்' என்பதை நீக்கினும் தொடர் நிரம்பும். 'ஓரி பரிசிலைப் பாணர் முன் வைத்தான்' என்பதில் 'பாணர் முன்' என்பதை நீக்கினால் குறை தோன்றும். இரண்டும் இடப்பொருளன, எனினும் ஒன்று அடை, மற்றொன்று நிரப்பி. குவர்க் குழுவினர் வாக்கிய வகைகளுள் கட்டாய வினைசார் கூறு கொண்டவற்றைத் தனியே பிரித்தமைக்கு இதுவே காரணம்.

தமிழில் 'வினையடை' என்னும் ஒரு சொல் இவை அனைத்தையும் தாங்கவேண்டியுள்ளது. மெல்ல, இனி போன்ற சொற்களும், அழகாக, விரைவாக போன்ற 'ஆக' ஈற்றனவும், வேற்றுமை ஏற்ற இட, காலப் பெயர்களும், வினையெச்சத் தொடர்களும் அப்பெயரால் சுட்டப்படுகின்றன. 'ஆக' ஈற்றைக் கண்டவுடன் வினையடை எனக் குறிக்கும் பழக்கமும் பிழைக்கு இடந்தருகிறது. 'அவர் ஆசிரியராக இருக்கிறார்' என்பதில் 'ஆசிரியராக' என்பது பயனிலையை நிரப்புகிறதே அன்றி இருத்தலின் முறையைக் கூறவில்லை.

தொல்காப்பியத்தில் முதனிலைகளும் குன்றலும்

விடத்தக்கது, விடத்தகாதது என்னும் சிந்தனை தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் வேற்றுமை மயங்கியல் வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன் என எட்டுத் தொழில் முதனிலைகளைக் கூறுகிறது. அடுத்த நூற்பா, வழக்கில் இவற்றுள் குன்றுவன குன்றும் என்னும் கருத்தைத் தருகிறது. உரையாசிரியர்கள் 'வனைந்தான்' என்னும் வினையைக் கொண்டு இவற்றை விளக்குவர். நன்னூல் வினையின் இலக்கணத்தில் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என ஆறாக நிறுத்தியது.

இதனைப் பிரெஞ்சு அறிஞர் டெனியேரின் 1959ஆம் ஆண்டு நூலோடு ஒப்பிடலாம். அவர் வினையின் பங்கேற்பாளர்களையும் சூழலை உணர்த்தும் கூறுகளையும் இருவேறு தளங்களில் வைத்தார். தொல்காப்பியர் அவ்வாறு தரம் பிரிக்கவில்லை. செய்வதும் நிலமும் ஒரே வரிசையில் நிற்கின்றன. எது குன்றும், எது குன்றாது என்பதை வழக்கின் பொறுப்பில் விடுகிறார். தமிழில் எழுவாயும் செயப்படுபொருளும் சூழலால் விளங்குமிடத்து எளிதில் மறைவதால் இந்நிலைப்பாடு மொழியியல்புக்கு நெருக்கமானது. 'பார்த்தான்' என்னும் ஒரு சொல்லே நிறைவான விடையாக அமையும் மொழியில், நீக்கிப் பார்த்து நிரம்புகிறதா எனக் காணும் ஆங்கிலச் சோதனை மட்டும் அடையை இனங்காட்டப் போதாது.

உரிச்சொல்லிலும் இதனையொத்த வேறுபாடு உண்டு. உறு, தவ, நனி ஆகியன மிகுதிப்பொருள் தருவன. இவை பெயரையும் சாரும், வினையையும் சாரும். 'நனிபேதை' என்பதில் பெயரையும் 'நனி வருந்தினான்' என்பதில் வினையையும் ஒரே சொல் சார்ந்து நிற்கிறது. பெயரடை, வினையடை என்னும் பிரிவைச் சொல்லின் வடிவில் தேடாமல் சார்பில் தேடவேண்டும் என்பதற்கு இது சான்று.

வினையெச்சம்: பெயரிடுதலின் விளைவு

தொல்காப்பிய வினையியல் செய்து, செய்யூ, செய்பு, செய்தென, செய்யியர், செய்யிய, செயின், செய, செயற்கு என ஒன்பது வாய்பாடுகளை வினையெச்சமாகக் கூறுகிறது. பின், முன், கால், கடை, வழி, இடத்து என்னும் ஈறுகளோடு காலங்கருதி வருவனவற்றை வேறொரு நூற்பாவில் கூறி, அவையும் அவ்வியல்பினவே என்கிறது. முதல் மூன்று வாய்பாடுகளும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும். ஏனையவை பிறவினைமுதலின் வினையையும் ஏற்கும். எச்சங்கள் பல அடுக்கி வந்தால் இறுதி எச்சம் முடிய அனைத்தும் பொருள் முடியும் என்பதும் அங்கேயே கூறப்படுகிறது.

இவ்விதிகள் எவற்றிலும் எச்சம் வினையைச் சிறப்பிப்பது என்னும் கூற்று இல்லை. எச்சம் எஞ்சி நிற்பது; முடிக்கும் சொல்லை வேண்டுவது. இது வடிவச் சார்பைக் கூறும் பெயர். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தமிழ் இலக்கணங்களில் இப்பெயர் மாறுகிறது. தாமஸ் லேமன் 1989இல் வெளிவந்த தம் நூலில் 'செய்து' வடிவத்தை 'வெர்பல் பார்ட்டிசிபிள்' என்கிறார். ஹரால்ட் ஷிஃப்மன் 1999இல் வெளிவந்த பேச்சுத்தமிழ் இலக்கணத்தில் 'அட்வெர்பியல் பார்ட்டிசிபிள்' என்கிறார். முன்னது வடிவத்தை மட்டும் சுட்ட, பின்னது பணியையும் பெயரிலேயே ஏற்றிவிடுகிறது. ஷிஃப்மன் நூலின் விளக்கங்கள் இதனால் பழுதுபடவில்லை. ஆயினும் அப்பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளும் வகுப்பறை, எச்சமெல்லாம் அடை என்னும் முடிவுக்கு எளிதில் வந்துவிடுகிறது.

அடையெச்சத்தையும் தொடர்நிகழ்வெச்சத்தையும் பிரித்தறியத் தமிழுக்குள்ளேயே சோதனைகள் உள்ளன. முதலாவது வினாச் சோதனை. 'ஓடி வந்தான்' என்பதற்கு 'எப்படி வந்தான்?' என்னும் வினா பொருந்தும். எனவே 'ஓடி' முறையுணர்த்தும் அடை. 'அம்பு புலியைக் கொன்று மானை உருட்டியது' என்பதற்கு 'எப்படி உருட்டியது?' என வினவி, 'புலியைக் கொன்று' என விடை கூற இயலாது. இரண்டாவது எதிர்மறைச் சோதனை. 'அவன் ஓடி வரவில்லை' என்றால் வந்தான், ஆனால் ஓடவில்லை என்னும் பொருள் இயல்பாகக் கிடைக்கும்; மறுப்பு அடையின்மேல் விழுகிறது. 'அம்பு புலியைக் கொன்று மானை உருட்டவில்லை' என்பதில் அவ்வாறு அடைமேல் மட்டும் மறுப்பு இயல்பாக விழுவதில்லை. மூன்றாவது, பயனிலையைப் பெயராக்கி ஒரு கூற்றைப் பிரித்து அழுத்தும் சோதனை. குவர்க் குழுவினர் அட்ஜங்டை இனங்காண ஆங்கிலப் பிளவு வாக்கியத்தைப் பயன்படுத்தினர். அதற்கு இணையாகத் தமிழில் 'அவன் வந்தது ஓடித்தான்' எனலாம். 'அம்பு மானை உருட்டியது புலியைக் கொன்றுதான்' என்பது இயல்பன்று. 'கொன்ற பின்தான்' என்றால் பொருந்தும். 'பின்' சேர்ந்த அளவில் அது காலம் உணர்த்தும் அடையாகிவிடுகிறது. காலங்கருதிய ஈறுகளைத் தொல்காப்பியர் தனி நூற்பாவில் வைத்தமை இவ்வேறுபாட்டோடு இயைகிறது.

மொழியியலில் ஃபோலியும் வான் வேலினும் 1984இல் இணைப்பு, உட்பொதிவு என்னும் இரண்டோடு மூன்றாவது உறவொன்றையும் முன்வைத்தனர். வடிவத்தால் சார்ந்திருந்தும் மற்றொன்றின் உறுப்பாக உட்பொதியாத நிலையே அது. தமிழின் தொடர்நிகழ்வெச்சம் இம்மூன்றாம் உறவுக்குத் தகுந்த எடுத்துக்காட்டு. ஹஸ்பெல்மத்தும் கோனிக்கும் 1995இல் பதிப்பித்த தொகுதி இத்தகைய வடிவங்களைக் 'கன்வெர்ப்' என்னும் பெயரில் பல மொழிகளில் ஆராய்கிறது. அப்பெயர்க்கு அளிக்கப்படும் வரையறை வினைசார் சார்பையே மையமாகக் கொள்வதால், தமிழ்ச் சான்றுகள் அவ்வரையறையின் எல்லையைச் சோதிப்பனவாகவும் அமைகின்றன.

கொல்லி வேட்டையில் எச்சங்களின் அடுக்கு

புறநானூற்று 152ஆம் பாடலின் ஐந்து வினைகளும் ஒரே வடிவின அல்ல. யானையின் வீழ்ச்சி 'வீழ்த்த' என்னும் பெயரெச்சத்தால் கூறப்பட்டு அம்பைச் சிறப்பிக்கிறது. புலியின் இறப்பு 'உறீஇ' எனவும் மானின் வீழ்ச்சி 'உருட்டி' எனவும் செய்தென் எச்சப் பொருளில் அமைகின்றன. இவ்விரண்டுக்கும் அம்பே வினைமுதல். பன்றிக்கு வரும்போது 'வீழ' எனச் செயவென் எச்சம் இடம்பெறுகிறது. இங்கு வினைமுதல் மாறி, பன்றியே வீழ்கிறது. உடும்பில் அம்பு தைத்தல் 'செற்றும்' என்னும் பெயரெச்சமாகி வேட்டத்தைச் சிறப்பிக்கிறது. அவ்வேட்டத்தை வெற்றியாக முடித்திருந்தவன் 'இருந்தோன்' என்னும் வினையாலணையும் பெயரால் சுட்டப்படுகிறான். அதன் பின்னரே அவன் யார் என்னும் வினா எழுகிறது.

தொல்காப்பிய விதிகள் இவ்வமைப்பை முழுமையாக விளக்குகின்றன. முதல்வாய்பாட்டு எச்சங்களில் வினைமுதல் மாறாமையும், செயவென் எச்சத்தில் மாறுதலும், அடுக்கிய எச்சங்கள் இறுதியில் ஒருங்கே முடிதலும் இங்கே காணக்கிடக்கின்றன. 'வினையடை' என்னும் பெயர் இவற்றுள் ஒன்றையும் விளக்குவதில்லை. புலியைப் பற்றிய எச்சத்தொடரை நீக்கினால் எஞ்சிய தொடர் இலக்கணப்படி நிரம்புகிறது. ஆனால் வேட்டையில் ஒரு விலங்கு குறைந்துவிடுகிறது. விடத்தக்கது என்பது தொடரின் நிரப்பம் பற்றிய செய்தியே அன்றி நிகழ்ச்சியின் சிறப்பு பற்றியது அன்று.

எதிர்மறுப்பு ஒன்று இங்கு எழலாம். வேட்டை முழுவதும் இறுதியில் பெயரெச்சத்துள் அடங்கி 'வேட்டம்' என்னும் பெயரையே சிறப்பிப்பதால், அது அடைதானே எனக் கேட்கலாம். வடிவ நோக்கில் இது மறுக்கத்தக்கதன்று. ஆயின் இம்மறுப்பு வினையெச்சங்களை வினையடையாக்குவதில்லை. வேட்டம் என்னும் பெயருக்கு அடையாவது தொடர் முழுவதுமே. அதனுள் 'உறீஇ', 'உருட்டி' ஆகியன ஒன்றுக்கொன்று அடையல்ல, நிரலே நிகழும் செயல்கள். மேலும், அவ்வடக்கமே பாடலின் நோக்கத்துக்கு உரியது. காட்டில் கண்ட ஒருவன் யார் எனப் பாணர் குழு அறியாது. அவர்களுக்குத் தெரிந்தது அவன் செயல் மட்டுமே. செயலைத் தனிக் கதையாகக் கூறாமல் ஆளை அடையாளங்காணும் குறியாகப் பாடல் அமைப்பதால், வினைகள் முற்றாகாது பெயரை நோக்கிச் செல்கின்றன.

பாடலின் இறுதியில் இதற்கு நேர்மாறான சான்று உள்ளது. இறைச்சியும் கள்ளும் அளித்தபின், தன் மலையில் பிறந்த பொன்னையும் மணிகளையும் ஓரி வழங்குகிறான். வழங்கிய இடம் 'சுரத்திடை' என்னும் ஒரு சொல்லால் குறிக்கப்படுகிறது. ஆங்கிலப் பகுப்பின்படி இது ஐயமற்ற இட அட்ஜங்ட். எண்வகை முதனிலைகளுள் நிலம். குன்றினும் தொடர் நிரம்பும். எனினும் கொடையின் தன்மையை நிறுவுவது அச்சொல்லே. அவையில் அமர்ந்து, புகழ் கேட்டு, பரிசில் அளிப்பது அரசர் வழக்கம். பெயரும் கூறாது, வேட்டுவக் கோலத்தில், வழியிடையே அளிப்பது வேறு. இலக்கணத்தில் குன்றத்தக்க நிலம் இங்கே பொருளில் குன்றாததாகிறது. அடை என்பதனாலேயே ஒன்று சிறப்பற்றது எனக் கொள்ளலாகாமைக்கு இது போதிய சான்று.

மொழிபெயர்ப்பிலும் கற்பித்தலிலும்

இவ்வேட்டையை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் முன் இருவழிகள் உள்ளன. எச்சங்களை முற்றுகளாக்கி இணைப்புச் சொற்களால் தொடுத்தால் நிகழ்ச்சிகளின் சமநிலை காக்கப்படும்; ஆனால் ஆளை நோக்கிச் செல்லும் பாடலின் ஓட்டம் அறுபட்டுக் கதைகூறலாகிவிடும். எச்சங்களை ஆங்கிலப் பார்ட்டிசிபிள்களாக்கினால் சார்புவடிவம் காக்கப்படும். ஆனால் அவை ஆங்கிலத்தில் பின்னணிச் செய்தியாகத் தாழும். பன்றியின் 'வீழ' என்பதற்கு வினைமுதல் வேறாதலால் அவ்வடிவமும் எளிதில் பொருந்தாது. எவ்வழியைக் கொண்டாலும் இழப்பு உண்டு. எச்சத்தை வினையடை எனக் கற்ற மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் வழியைத் தெரிவு என அறியாமலே மேற்கொள்வார் என்பதே கவலைக்குரியது.

அன்றாட உரைநடையிலும் இதே நிலைதான். 'பேருந்து காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நேற்று மாலை செம்மேட்டை அடைந்தது' என்னும் தொடரில் 'நேற்று மாலை' காலம் உணர்த்தும் அடை. 'செம்மேட்டை' இடப்பெயராயினும் செயப்படுபொருள். 'காரவள்ளியிலிருந்து' என்பது 'கடந்து' என்பதோடும் 'அடைந்தது' என்பதோடும் இயைய வல்லது. 'கடந்து' என்பதற்கு 'எப்படி அடைந்தது?' என்னும் வினா ஓரளவு பொருந்தும். நிகழ்ச்சி வரிசையாகவும் கொள்ளலாம். இக்கூறுகள் அனைத்துக்கும் 'வினையடை' என எழுதும் மாணவர் இவ்வேறுபாடுகளுள் ஒன்றையும் கற்றிலர். காலத்தை முன்னும் இடத்தைப் பின்னும் இயல்பாக வைக்கும் தமிழ் வரிசை, ஆங்கிலத்தில் பெரும்பாலும் இடம் முன்னும் காலம் பின்னுமாக மாறுவதையும் இப்பகுப்பின்றி விளக்க இயலாது.

பேசுவோன் கருத்தை உணர்த்தும் டிஸ்ஜங்டிலும் கவனம் தேவை. ஆங்கிலத்தில் ஒரே சொல் வாக்கிய முதலில் நிறுத்தக்குறியோடு வந்தால் பேசுவோன் மனப்பாங்கையும், வினையை அடுத்து வந்தால் செயலின் முறையையும் உணர்த்தும். தமிழில் 'வெளிப்படையாகப் பேசினார்' என்பது முறை. பேசுவோன் பாங்கிற்கு 'வெளிப்படையாகச் சொன்னால்' என நிபந்தனை எச்சம் வேண்டப்படுகிறது. ஆங்கிலம் இடத்தால் காட்டும் வேறுபாட்டைத் தமிழ் எச்ச வடிவால் காட்டுகிறது. 'ஆனால்', 'எனவே' முதலிய இணைப்புச் சொற்களும் வினை வடிவங்களிலிருந்து தோன்றியவையே. எச்சம் ஒரு பணிக்கு மட்டும் உரியதன்று என்பதை இவையும் உறுதிசெய்கின்றன.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று அளவுகோல்களைத் தனித்தனியே கொள்ளவேண்டியுள்ளமை புலனாகிறது. வடிவம் முதலாவது: எச்சம், உருபேற்ற பெயர், உரிச்சொல் என்பன அதன் வகைகள். சார்பு இரண்டாவது: வினையால் வேண்டப்படும் நிரப்பி, வேண்டப்படாத அடை, அடையாகாது நிரலே நிகழும் தொடர்நிகழ்வு என்பன அதன் வகைகள். பொருட்சிறப்பு மூன்றாவது: அது வடிவத்தாலும் சார்பாலும் முன்னரே தீர்மானிக்கப்படுவதில்லை. 'உறீஇ', 'உருட்டி' ஆகியன வடிவத்தால் சார்ந்தும் அடையாகாதவை. 'சுரத்திடை' அடையாயினும் பொருளால் தலைமையானது.

இதற்கேற்ப 'அட்வெர்ப்' என்பதற்கு மட்டும் 'வினையடை' என்பதைக் கொண்டு, 'அட்வெர்பியல்' என்பதை 'வினைசார் கூறு' எனவும், 'அட்ஜங்ட்' என்பதை 'அடைக்கூறு' எனவும் வேறுபடுத்தி வழங்குவது பயன்தரும். 'வினையெச்சம்' என்னும் மரபுப்பெயர் எவ்வகைப் பணியையும் முன்கூட்டி ஏற்றாததால் அதனை அவ்வாறே காத்தல் தகும். பாடநூல்களிலும் வினாத்தாள்களிலும் எச்சத்தைக் காட்டி வினையடை என விடை எதிர்பார்க்கும் முறை மறுபரிசீலனைக்கு உரியது. ஓரியின் அம்பு ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து உயிர்களைக் கடந்த நிகழ்ச்சியை, ஒரே வினையைச் சிறப்பிக்கும் ஐந்து அடைகளாகக் கற்பிக்கும் இலக்கணம் பாடலையும் விளக்காது, மொழியையும் விளக்காது.